வெளிச்சம் புகாத துணி

துணியைச் சந்தேகப்படுவதுதான் என் வேலை. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். நாங்கள் தைத்து அனுப்புவது குயில்ட். இரண்டு பருத்தித் துணிகளுக்கு நடுவே மெல்லிய பஞ்சுப் படலத்தை வைத்து, மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டிய போர்வை. குளிர் நாடுகளில் குழந்தைகளுக்குப் போர்த்துவார்களாம். அதை இங்கே மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்று தடவிப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்ல எனக்குச் சம்பளம்.

அடியிலிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். குயில்ட்டுக்கு வரும் பருத்தியில் பார்வைக்கு எந்த விசேஷமும் கிடையாது. வெறும் குறுக்கு நெடுக்கு நெசவு. ஆனால் நீளவாட்டு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தைக்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். மூலையைப் பிடித்துச் சாய்வாக இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். நகத்தால் சுரண்டினால் மாவு உதிரக் கூடாது. உதிர்ந்தால் கஞ்சி. கஞ்சி போட்டால் மட்டமான துணிகூட முதல் துவையல் வரைக்கும் விறைப்பாக நிற்கும். அதற்குப் பிறகு கொசுவலைதான்.

இந்தப் புத்தி வேலை நேரத்தோடு நிற்பதில்லை. கல்யாண மேடையின் திரை, பேருந்தில் முன்சீட்டுக்காரர் தோளில் கிடக்கும் துண்டு, கடை வாசலில் பொம்மை போட்டிருக்கும் சட்டை என்று விரல் தானாகப் போய்க் கிள்ளிப் பார்க்கும். "கையச் சும்மா வைங்க, எங்கயாவது அடி வாங்கப் போறீங்க" என்று என் மனைவி முழங்கையால் இடிப்பாள்.

அவளுக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நாங்கள் இருப்பது சேலையூரில், கேம்ப் ரோட்டுக்கு உள்ளே ஒரு மாடி வீடு. போன மழைக்காலத்தில் அவள் ஏழாவது மாதக் கர்ப்பம். ஒருநாள் மத்தியானம் அவளோடு வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள். கால் வீங்கி, தலை வலிக்கிறது என்று மேசை மேல் சாய்ந்தவளுக்குக் கண்ணும் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

மழையில் வண்டலூர் திரும்பி, மாம்பாக்கம் வழியாக வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். ரெயின்கோட்டுக்குள் எல்லாம் நனைந்து போய்ச் சேர்ந்தபோது முடிவு செய்துவிட்டிருந்தார்கள். குழந்தையை இப்போதே எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

எடுத்தார்கள். "பொண்ணு. அழுதா" என்று ஒரு டாக்டர் சொன்னார். அந்த அழுகையை நான் கேட்கவில்லை. பச்சைத் துணிச் சுருள் ஒன்றை ஏந்திக்கொண்டு யாரோ என்னைத் தாண்டி வேகமாகப் போனார்கள்.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாவது மாடி. மனைவி இருந்தது இரண்டாவது மாடி. அவளுக்கு அழுத்தம் இறங்கவில்லை என்பதால் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையை என்னால் மட்டும்தான் பார்க்க முடியும், அதுவும் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம். மறுநாள் காலை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மூலையிலிருந்த பெட்டியைக் காட்டி, "இதுதான் சார் உங்க பாப்பா" என்றார் நர்ஸ்.

பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது பெட்டி மேல் போட்டிருந்த துணி. ஒற்றை மடிப்பு. எப்போதோ படுக்கை விரிப்பாக இருந்து துவைத்துத் துவைத்து இளைத்தது. ஒரு பக்கம் பெட்டிக்குப் போதவுமில்லை. அந்தப் பக்கம் வழியாக மேலே எரிகிற ட்யூப்லைட் வெளிச்சம் சரிந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"சிஸ்டர், இந்தத் துணி வழியா லைட் உள்ள போகுதே."

"ஆமா சார். இன்னும் அம்மா வயித்துல இருக்க வேண்டிய குழந்தைங்க. வெளிச்சம், சத்தம் ரெண்டும் ஆகாது. கெட்டியா இருக்குற கவர் எல்லாம் துவைக்கப் போயிருக்கு. இந்த மழையில எதுவும் காய மாட்டேங்குது."

சொல்லிக்கொண்டே அந்த நைந்த துணியை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்தது.

அப்போதுதான் மணி அடித்தது. பெட்டிக்கு மேலே இருந்த திரையில் ஓர் எண் இறங்கிக்கொண்டே போனது. நர்ஸ் பதறவில்லை. பெட்டியின் பக்கத் துளை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் உள்ளங்காலை விரலால் சுண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் சுண்டினார். எண் ஏற ஆரம்பித்தது. மணி நின்றது.

"என்ன ஆச்சு?"

"மூச்சு விட மறந்துட்டா. இந்த மாதிரி சீக்கிரமாப் பொறந்த குழந்தைங்க அப்பப்ப மறந்துடுவாங்க சார். ஞாபகப்படுத்தணும்."

காய்கறி வாங்க மறந்துவிட்டாள் என்பதைப் போலத்தான் அவர் குரல் இருந்தது. "கவர் நான் தைச்சு எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

"தாராளமா. சில பேர் எடுத்துட்டு வருவாங்க. சுத்தமான காட்டனா இருக்கணும். வெளிச்சம் புகக் கூடாது. சாயம் போகக் கூடாது, பஞ்சு தூசி பறக்கக் கூடாது. சுடுதண்ணியில அடிக்கடி துவைப்போம், அதுக்குத் தாங்கணும். நாங்க ஒரு தடவை எங்க முறைப்படி துவைச்சிட்டுத்தான் போடுவோம்."

படிக்கட்டில் இறங்கும்போது எனக்குக் கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே இருந்தது என்று சொன்னால் நம்புவது கடினம். அதுவரைக்கும் நான் வாகன நிறுத்தத்துக்கும் மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்வேன், எங்கே போவது என்று தெரியாமல் அணைப்பேன். இப்போது செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. அதுவும் எனக்குத் தெரிந்த ஒன்று.

கம்பெனிக்குப் போனேன். மேலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ரோல் கடைசித் துண்டு எவ்வளவோ கிடக்கு, வேணுங்கிறத எடுத்துக்கப்பா" என்றார். அடுக்கிலிருந்து நல்ல அடர்நீலத் துணி ஒன்றை உருவினேன். நெசவில் குறை சொல்ல முடியாது. மூக்கருகே கொண்டுபோனேன். கசங்காமல் இருப்பதற்காகப் போடும் ரசாயனத்தின் நெடி மெலிதாக ஏறியது. துவைத்தால் குறையும் என்று எனக்குத் தெரியும். எத்தனை துவையலில் முழுக்கப் போகும் என்று தெரியாது. மூச்சு விடவே மறக்கிற குழந்தைக்கு மேல் அதைப் போட மனம் வரவில்லை. மடித்து வைத்துவிட்டு மேற்குத் தாம்பரத்துக்குப் போனேன்.

மழைக்கு எல்லாக் கடைகளும் தார்ப்பாய் கட்டியிருந்தன. சண்முகம் சாலையில் முட்டளவுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். ஒவ்வொரு துணிக்கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையில் காட்டன் என்று எடுத்துப் போட்டதைக் கையில் கசக்கியதுமே பாதி பாலியெஸ்டர் என்று தெரிந்தது; பிடியை விட்டதும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நிமிர்ந்துகொண்டது. அடுத்த கடைத் துணியை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் மேகம் மேகமாகத் திட்டு. அதற்கடுத்த கடையில் நகம் பட்ட இடமெல்லாம் கஞ்சி.

ஒரு சந்துக்குள் லைனிங் துணியும் வெட்டுத் துணியும் விற்கும் பாய் கடை ஒன்று. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கேட்ட நிறத்திலெல்லாம் எடுத்துப் போட்டார். நான் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அவரிடமே தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தி, சாம்பலைத் தேய்த்துப் பார்த்தேன்; பருத்தி என்றால் பொடியும். சாயம் ஒட்டுகிறதா என்று கைக்குட்டையைக் குடிதண்ணீரில் நனைத்துத் துணி மேல் அழுத்தித் தேய்த்தேன். இன்னொரு துணி, இன்னொரு இழை.

"இன்னா சார், ஸ்டேஷன்ல வெச்சு விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க துணிய?" என்றார் அவர்.

"நல்லதா வேணும் பாய்."

"இன்னாத்துக்கு? சட்டைக்கா, திரைக்கா? அத்த சொன்னீங்கன்னா நான் எடுத்துக் குடுப்பேன்ல?"

சொன்னால் அடுத்த கேள்வி வரும், குழந்தை எப்படி இருக்கிறது என்று. "அப்புறம் வரேன்" என்று இறங்கிவிட்டேன். கேம்ப் ரோட்டில் இரண்டு கடை பார்த்தேன். மழை கொஞ்சம் விட்டபோது செல்போனில் மணி பார்த்தேன். மாலையில் குழந்தையைப் பார்க்கும் நேரம் முடிந்துபோயிருந்தது.

மருத்துவமனைக்குப் போய் மனைவியின் கட்டிலருகே நின்றேன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஊசி ஏற்றியிருந்ததால் அவள் தலையை மட்டும் திருப்பினாள்.

"பாப்பாவப் பாத்தீங்களா?"

"காலையில பாத்தேன். சாயந்தரம்... துணி தேடிட்டு இருந்தேன். எதுவுமே சரியில்ல. ஒண்ணு பாலியெஸ்டர் கலந்தது, ஒண்ணு கஞ்சி, ஒண்ணு—"

"எப்படி இருக்கா?"

"நர்ஸ் நல்லாப் பாத்துக்கறாங்க. அந்த கவர்தான் ரொம்ப லேசா இருக்கு. லைட் உள்ள—"

"ஏங்க." அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நான் இன்னும் அவளப் பாக்கல. என்ன எழுந்திரிக்க விட மாட்டேங்கறாங்க. உங்களத்தான் அனுப்பியிருக்கேன். மூக்கு எப்படி இருக்கு, சொல்லுங்க. உங்க மூக்கா, என் மூக்கா?"

மூடுதுணியின் கரையில் இழை பிரிந்திருந்த இடம் நினைவில் இருந்தது. அதன் மேல் அச்சடித்திருந்த பூ வெளிறிப்போயிருந்தது நினைவில் இருந்தது. குழந்தையின் முகம் நினைவில் இல்லை. குழாயும் டேப்பும் மட்டும்தான்.

"நீங்க அவளப் பாக்கவே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. "நாளைக்குப் போய் ஒழுங்காப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. துணி எல்லாம் அப்புறம்."

மறுநாள் காலை கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். கையைக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன். பெட்டி அருகில் போனதும் மூடுதுணியை நர்ஸே விலக்கிப் பிடித்தார். குனிந்து பார்த்தேன். பார்ப்பது அத்தனை சுலபமில்லை. கண் திரைக்கு ஓடியது, எண்ணுக்கு ஓடியது, குழாயில் தங்கியிருந்த நீர்த்துளிக்கு ஓடியது. ஒவ்வொரு முறையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

மூக்கு என் மனைவியுடையது. நுனியில் லேசாகத் தட்டையானது. காது மடல் இன்னும் மடிப்பு விழாமல் வழவழவென்று இருந்தது. தோளிலும் முதுகிலும் பூனைமுடி. நெற்றியைச் சுருக்கினாள். யார் மேலோ சலித்துக்கொள்வதுபோல் இருந்தது அது. என் அக்காவின் சலிப்பு.

"கைய உள்ள விட்டுத் தொடுங்க சார்" என்றார் நர்ஸ். "தடவாதீங்க. தோல் தாங்காது. சும்மா கைய வைங்க, அசைக்காம."

அசைக்காமல் வைப்பது என் கைக்குப் பழக்கமே இல்லை. காலடியில் ஒரு விரலை வைத்தேன். என் விரலின் முதல் கணு அளவுதான் இருந்தது பாதம். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் அதைக் கொண்டு என் விரலை உதைத்தாள். நல்ல உதை.

கீழே ஓடிவந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது, பூனைமுடி, உதை. "அக்கா மாதிரி சலிச்சுக்கறா" என்றதும் சிரித்தாள். சிரிக்கத் தையல் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு, "இப்பப் போய்த் துணி வாங்குங்க" என்றாள்.

பாய் கடைக்கே போனேன். என்னைப் பார்த்ததும் தீப்பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். "பாய், எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு. ரொம்ப சீக்கிரமாப் பொறந்துட்டா. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. அது மேல மூடறதுக்கு வேணும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் தீப்பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். "நேத்தே சொல்றதுக்கு இன்னா சார்? உக்காருங்க. டீ சொல்றேன்."

உட்காரவில்லை. இரண்டு பேருமாக அடுக்கைக் கலைத்தோம். அடர்நீலத்தில் ஒன்று பிடித்திருந்தது. கெட்டி நெசவு, கஞ்சி இல்லை, நனைத்த கைக்குட்டையில் நீலம் ஒட்டவில்லை. "சாயம் நிக்கும் சார், பயப்படாதீங்க" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாங்கிக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனேன்.

அங்கே ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் என் அக்கா இருக்கிறாள். அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அம்மா இல்லாத வீட்டில் என்னை அதட்டி வளர்த்தவள், இன்னும் அந்த அதட்டலை விடவில்லை. ஏரி நிரம்பித் தெருமுனை வரை தண்ணீர் வந்திருந்தது. வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, துணிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத் துணியைப் போட்டாள். கரண்டிக் காம்பால் ஒரு கிளறு கிளறினாள். தண்ணீர் சொட்டு நீலம் கரைத்ததுபோல் ஆனது.

"இதுதான் நீ பாத்துப் பாத்து எடுத்த துணியா?"

கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைத்தோம். அதுவும் நீலம். அடுத்ததும் நீலம். நான் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கல்லுப்பு போடலாமா, வினிகர் ஊற்றலாமா என்று கேட்டேன். கம்பெனி ஆய்வகத்தில் எதற்கு எது போடுவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். "டேய், மொதல்ல நீ உக்காரு. தலை சுத்துது எனக்கு" என்றாள் அக்கா. ஈரத் துணியைப் பிழிந்து என் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துக் காட்டினாள். கைக்குட்டை நீலமாக இருந்தது. பச்சைத் தண்ணீருக்குத் தாங்கிய சாயம் கொதிநீருக்குத் தாங்கவில்லை.

"சாயமே இல்லாததா எடுத்துட்டு வாடா. புள்ளைக்கு என்ன கலரு வேண்டிக் கெடக்கு?"

"வெளிச்சம் போகும்க்கா. கலர் இல்லன்னா மறைக்காது."

"ஒண்ணு மறைக்கலன்னா நாலு போடு."

அன்று மத்தியானமே திரும்பவும் மேற்குத் தாம்பரம். நீலத் துணி என்ன ஆனது என்று கேட்டதும் பாய் முகம் சுருங்கிப்போனது. "அந்த மில்லுக்காரன் வரட்டும், வெச்சுக்கறேன்" என்றார். பிறகு பரணிலிருந்து ஒரு காடாத் துணிச் சுருளை இறக்கினார். வெளுக்காத, சாயம் காட்டாத பருத்தி. பழுப்பு வெள்ளை. அங்கங்கே பருத்திக்கொட்டைத் தூள் கரும்புள்ளியாகத் தெரிந்தது. ஒன்றிரண்டு இடத்தில் நூல் தடித்திருந்தது. கம்பெனி மேசையில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் நெசவு நெருக்கமாக இருந்தது, பாவும் ஊடையும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் நின்றன. வாசனை வெறும் பருத்தியின் வாசனை.

"வெளிச்சம் எவ்ளோ மறைக்கும்னு பாக்கணும் பாய்."

"பாத்துடலாம்" என்று எழுந்தவர், விளக்குகளை அணைத்து, ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். வெளியே மழை இருட்டு, உள்ளே அதைவிட இருட்டு. மேசை மேல் செல்போன் டார்ச்சை மேல்நோக்கி வைத்து, அதன் மேல் காடாத் துணியைப் போட்டோம். வெளிச்சம் தாராளமாக வந்தது. மடித்துப் போட்டோம். மங்கியது, ஆனால் வந்தது.

"நடுவுல பஞ்சு வெச்சீங்கன்னா?"

"பஞ்சு தூசி பறக்கும்னு வேணாம்னுட்டாங்க."

"அப்போ ஃபிளானல் வெச்சுப் பாருங்க. புள்ளைங்களுக்குச் சட்டை தைக்கிறது. வெள்ளை ஒண்ணு கீது" என்று அதைக் கொண்டுவந்தார். இரண்டு காடாவுக்கு நடுவே ஃபிளானலை ஒன்றாக வைத்தோம், இரண்டாக வைத்தோம். நாங்கள் இருவரும் மேசை மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்திருந்தோம். ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்த ஒரு பெண், கடை திறந்திருக்கா இல்லையா என்று கேட்டாள். "ஒரு நிமிஷம் இரும்மா, புள்ள தூங்குது" என்றார் பாய். எதற்கு அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஃபிளானல் இரண்டு மடிப்பாக வைத்தபோது டார்ச் இருக்கிற இடம் மட்டும் சின்ன மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. "மேல எரியுற லைட்டு இவ்ளோ கிட்டயா இருக்கப்போகுது?" என்று அவர் கேட்டார். இருக்கப்போவதில்லை. போதும் என்று வாங்கினேன்.

அக்கா எல்லாவற்றையும் முதலில் கொதிக்கவைத்தாள். காடா நன்றாகச் சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் கோணிக்கொள்ளும். சுருங்கட்டும் என்றுதான் அளவைவிட அதிகம் வாங்கியிருந்தேன். ஆனால் காயவில்லை. மொட்டை மாடியில் மழை, கூடத்தில் கயிறு கட்டி மின்விசிறியைப் போட்டால் கரண்ட் இல்லை. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்த் துணியைத் தொட்டேன். "தொட்டுத் தொட்டுப் பாத்தா காயாது" என்று அக்கா சத்தம் போட்டாள். மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தேன். அன்று குழந்தை மூச்சு விட மறக்கவில்லை. வந்தபோது கரண்ட் வந்திருந்தது. அக்கா ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடிக்க, தும்மித் தும்மித் தேய்த்தாள்.

வெட்டி, அடுக்கி, ஓரம் பிடித்துத் தைத்தாள். துவைக்கும்போது உள்ளே இருக்கிற அடுக்குகள் நகர்ந்து சுருண்டுவிடாமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டினாள். எனக்குக் கொடுத்த வேலை நூல் அறுப்பது. மறுநாள் மத்தியானம் முடித்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம். அன்றுதான் மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. துணி இருட்டாக இருந்தது. ஆனால் தையல் போன வழியெல்லாம் ஊசித் துளைகள் பொடிப் பொடியாக மின்னின.

"போச்சு" என்றேன். நெருக்கமான நெசவில் ஊசி குத்தினால் இழை ஒதுங்கி ஓட்டை நிற்கும். எனக்குத் தெரியாததில்லை. பிரித்துவிட்டு மெல்லிய ஊசி போடலாம் என்று சொன்னேன். பிரித்தால் பழைய ஓட்டை இருக்குமே, புதுத் துணிதான் வாங்க வேண்டும் என்றும் நானே சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டேன்.

"எங்கடா போற? இன்னொரு தடவை சுடுதண்ணியில போட்டாக் கூடிக்கும்."

"காடா ஏற்கெனவே சுருங்கிடுச்சுக்கா."

"ஓட்டை சுருங்கலல்ல? போட்டுத்தான் பாப்போமே."

போட்டோம். தையல் ஓரங்களில் துணி லேசாக உப்பி, இழைகள் திரும்ப நெருங்கிக்கொண்டன. ஒன்றிரண்டு துளை மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்து நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா துணியை மடித்துப் பையில் வைத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

நர்ஸ் அதை வாங்கி நீவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மருத்துவமனைத் துவையலுக்கு அனுப்பினார். எனக்கு அது பரீட்சை எழுதிவிட்டு நிற்பதுபோல் இருந்தது. அடுத்த நாள் காலையில் மனைவியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மேலே தள்ளிக்கொண்டு போனேன். அன்றுதான் அவளுக்கு அனுமதி கிடைத்திருந்தது. மூலைப் பெட்டி மேல் பழுப்பு வெள்ளையில் கட்டம் கட்டமாக எங்கள் துணி கிடந்தது. நான்கு பக்கமும் சரியாக இறங்கியிருந்தது.

நர்ஸ் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மனைவி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து பார்த்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபிளானலை இரண்டு மடிப்பாக வைத்த கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன், அடக்கிக்கொண்டேன்.

"தூங்குறா" என்றாள் கடைசியில்.

"ஆமா, நேத்து ராத்திரி இதப் போட்டதுலருந்து நல்லாத் தூங்குறா" என்றார் நர்ஸ். துணியால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து இருந்தது, நாட்கள் ஏறியிருந்தன, பாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று அந்தத் துணியை இறக்கி மூடியபோது என் மனைவி அதன் ஓரத்தைப் பிடித்து நேராக இழுத்துவிட்டாள். அவள் கையும் அந்தத் துணி மேல் பட்டுவிட்டது.

ஒன்று துவைக்கப் போகும்போது மாற்றுக்கு வேண்டுமென்று இன்னொன்று தைத்தோம். வெளியே அறையில் காத்திருந்த இன்னொரு தகப்பன் விசாரித்ததால் அவருடைய குழந்தைக்கும் ஒன்று. அதற்குள் பாய் கடையில் காடாத் துணியும் ஃபிளானலும் அளவெடுத்து வெட்டித் தயாராக இருக்கும். போகும்போதெல்லாம், "பாப்பா இன்னா வெயிட்டு?" என்று கேட்பார். ஏறியிருந்தால் டீ சொல்வார். இறங்கியிருந்தாலும் டீ சொல்வார்.

நான் அமைதியாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மணி எங்கே அடித்தாலும் திடுக்கிட்டேன். கம்பெனியில் டீ இடைவேளை மணிக்குக்கூட. ஒருமுறை மஞ்சள் காமாலை வந்து நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இத்தனை பாடுபட்டு வெளிச்சத்தை மறைத்தோம், இப்போது வெளிச்சமே மருந்தா என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். கண்ணுக்குக் கட்டு கட்டியிருக்கிறோம் பாருங்கள் என்று பொறுமையாகக் காட்டினார். பார்த்தேன். அந்தக் கண்கட்டின் துணி ரொம்ப நன்றாக இருந்தது.

தை பிறந்த பிறகு ஒரு நாள், கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். மூடுதுணிகளை அங்கேயே விட்டுவிடச் சொல்லி நர்ஸ் கேட்டார். வேறு பெட்டிகளுக்கு ஆகும். விட்டுவிட்டோம்.

வாடகைக் கார் பிடித்தோம். மனைவி மடியில் குழந்தை, பக்கத்தில் அக்கா. நான் முன்சீட்டில். மாம்பாக்கம் ரோட்டில் மழை தோண்டிய பள்ளங்கள் இன்னும் மூடப்படாமல் இருந்தன. "அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன் டிரைவரிடம். மெதுவாகப் போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். லாரி ஒன்று பக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. குழந்தை முகத்தைச் சுருக்கியது. எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் போக முடியுமா?"

டிரைவர் கண்ணாடியில் என் மனைவியைப் பார்த்தார். "மேடம், சார் இன்னா சொல்றாரு? மெதுவாவா, சீக்கிரமாவா?"

"அவரு அப்படித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்றாள் அவள். ஜன்னல் வழியாக வந்த வெயில் குழந்தையின் நெற்றியில் விழுந்தது. நான் திரும்பிக் கையை நீட்டுவதற்குள் குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தும்மியது.